புது மீனும் பழைய தொட்டியும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள மீன் தொட்டி மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டு ஏஞ்சல் மீன்கள், நான்கு டைகர் பார்ப் (முதலில் ஆறு இருந்தன), ஒரு ரெட் டெயில் ஷார்க் ஆகியவை அதில் வளர்கின்றன. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஆசைப்பட்டதால் திருநெல்வேலியிலிருந்து சிறிய ஏஞ்சல் மீன்கள் இரண்டை வாங்கிவந்து, பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகு தொட்டிக்குள் விட்டோம். மறுநாள் காலையில் இரண்டுக்கும் துடுப்புகள் கிழிந்திருந்தன. மூன்றாம் நாள் ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்றை வாளியில் எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் ‘எல்லாம் ஒரே சாதி மீன்தானே, சேர்ந்துகொள்ளும்’ என்றார். பக்கத்து வீட்டார் கல்லுப்பும் மஞ்சளும் போடச் சொல்கிறார். பழைய மீன்களைப் பாபநாசம் படித்துறையில் விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாமா என்றும் யோசிக்கிறேன். சண்டை வராமல் புதிய மீன்களை விடுவதற்கு வழி உண்டா?
ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கேள்விகளுள் படித்துறையைப் பற்றியதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வளர்ந்த எந்த மீனையும் பாபநாசத்திலோ, தங்கள் ஊர் ஆற்றிலோ, குளத்திலோ, வாய்க்காலிலோ விட வேண்டாம். தாமிரபரணியில் மட்டுமே இயற்கையாக வாழ்கிற கெண்டை இனம் ஒன்று இருக்கிறது. ‘டாகின்சியா தாம்பிரபர்ணியை’ என்று அதன் அறிவியல் பெயரிலேயே ஆற்றின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மீன்கள் வாழும் நீரில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஏஞ்சலுக்கு வேலை இல்லை. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று வாங்கி, ஓர் அடிக்கு வளர்ந்ததும் யாரோ குளத்தில் போட்டுவிட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்துகிற பாட்டைத் தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், தெரிந்தவர் வீட்டுத் தொட்டிக்குக் கொடுக்கலாம்; ஆற்றுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

தங்கள் பழைய மீன்களைக் கொடுத்துவிட வேண்டிய அவசியமும் இல்லை. அவை கெட்ட மீன்கள் அல்ல. மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த எவரும் செய்வதைத்தான் அவையும் செய்திருக்கின்றன.

இறந்த மீன் சண்டையில்தான் இறந்ததா என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம், ஏனென்றால் நீர் கெட்டதால் இறந்த மீனுக்கும் சண்டையின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. வாளியில் இருக்கும் மீனைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடிபட்ட துடுப்பின் ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாகவோ பிறைவடிவில் குழிந்தோ இருக்கும். சில இடங்களில் துடுப்பின் முள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்க, இடையிலுள்ள சவ்வு காணாமல் போயிருக்கும். நோயால் அழுகும் துடுப்பின் ஓரத்தில் வெண்மையான கோடு படரும், பஞ்சுபோன்ற படலமும் சில வேளைகளில் தென்படும். மீன் இருந்த இடமும் ஒரு சாட்சிதான். விரட்டப்பட்ட மீன் நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு மூலையில், பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால், தலையைச் சற்றுத் தூக்கித் துடுப்புகளை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். எல்லா மீன்களும் சேர்ந்து மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது சண்டை அல்ல, நீரில் உயிர்வளி குறைந்திருக்கிறது அல்லது மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கூடியிருக்கிறது. தாங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பழைய மீன்கள் நலமாக இருக்கின்றன. புதியவை இரண்டுக்கும் ஒரே இரவில் துடுப்பு கிழிந்திருக்கிறது. ஆகவே இது கடிதான்.

பாபநாசம் கோயிலுக்கு முன்னால் ஆற்றில் பொரி போட்டுப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பொரியைப் பறிக்கும்; ஒன்று இன்னொன்றை இடிக்கும், விரட்டும். விரட்டப்பட்ட மீன் ஆழத்துக்குள் இறங்கிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்துபோகிறது. விரட்டுகிற மீனுக்கு எதிரியைக் கொன்றாக வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. எதிரி கண்ணில் படாமல் போய்விட்டால் போதும். ஆற்றில் அது நொடியில் நடக்கிறது. தொட்டியில் விரட்டப்பட்ட மீன் நான்கடி ஓடினால் கண்ணாடியில் முட்டுகிறது. திரும்பினால் விரட்டியவனின் எதிரிலேயே வந்து நிற்கிறது. ‘நான் தோற்றுவிட்டேன், போய்விடுகிறேன்’ என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வழி மறைந்துபோவதுதான். அந்த வழியைக் கண்ணாடி அடைத்துவிடுவதால், ஆற்றில் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய சில்லறைச் சண்டை இரவு முழுவதும் நீண்டு உயிரைக் குடிக்கிறது. தொட்டியில் நடக்கும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீனின் குணத்தைவிட மறைவிடம் இல்லாமையே காரணம் என்பது, இத்தனை ஆண்டுகள் வீடுவீடாகத் தொட்டி பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதி.

இன்னொரு காரணம் பட்டா. நம் ஊர்க் குளங்களில் பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நம் குளங்களையெல்லாம் தனதாக்கிக்கொண்ட ஜிலேபிக் கெண்டையின் ஆண்கள் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் தோண்டிய குழிகள் அவை. ஒவ்வொரு குழியும் ஓர் ஆணின் எல்லை. பக்கத்துக் குழிக்காரன் வரப்பைத் தாண்டினால் உடனே மோதல். தங்கள் ஏஞ்சல் மீன் பார்ப்பதற்கு எவ்வளவு நளினமாக இருந்தாலும் அந்த ஜிலேபிக் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன், பேரட் ஆகியவையும் சிக்ளிட் என்னும் அதே குடும்பம். வரப்புத் தகராறு இந்தக் குடும்பத்தின் பிறவிக் குணம்.

தங்கள் மீன்கள் மூன்று ஆண்டுகளாக அந்தத் தொட்டியின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவை. யார் எந்த மூலையில் படுப்பது, யார் முதலில் தின்பது என்ற வரிசை அவற்றுக்குள் முடிவாகியிருக்கிறது. அந்த இடத்துக்குள் வரும் புதியவன் சற்றுப் பெரியவனாக இருந்தாலும் பெரும்பாலும் தோற்பான், ஏனென்றால் இருப்பிடம் உள்ளவனுக்கே துணிச்சல் கூடுதல். வந்தவனோ பையில் ஒரு மணி நேரம் பேருந்தில் குலுங்கி, நிறம் வெளுத்து, எங்கே ஒளிவது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறான்.

கடைக்காரர் ‘ஒரே சாதி மீன்தானே’ என்றது கூட்டமாக வாழும் மீன்களுக்குப் பொருந்தும். எல்லை வகுத்து வாழும் மீன்களுக்கு அது நேர் எதிர். வரப்புத் தகராறு பங்காளிகளுக்குள்தானே வரும்! ஒரே இரையை, ஒரே இலையை, ஒரே துணையை நாடுகிறவனே போட்டியாளன். அதனால்தான் ஏஞ்சல் மீன் ஒரு டைகர் பார்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு இன்னொரு ஏஞ்சலைக் குறிவைத்துத் தாக்குகிறது. உருவமும் நிறமும் ஒத்திருப்பதே ஆத்திரத்துக்குப் போதும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான நிக்கோ டின்பெர்கன், ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீனின் ஆண்கள், மீனின் உருவமே சரியாக இல்லாத பொம்மையாக இருந்தாலும் அதன் வயிற்றுப் பக்கம் சிவப்பாக இருந்தால் அதைப் போட்டி ஆண் என்று எண்ணி எதிர்த்ததைக் காட்டினார். மீன் எதிரியை அடையாளம் காண்பது இப்படிச் சில குறிகளை வைத்துத்தான்.

இனித் தங்கள் தொட்டியிலுள்ள ஒவ்வொருவரையும் பற்றி.

ஏஞ்சல்கள் இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன என்றே நினைக்கிறேன். காலை வேளையில் தொட்டியின் முன்னால் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் ஃபில்டர் குழாயையோ அகலமான இலையையோ மாறிமாறி வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தால், ஒன்று கொத்தும்போது மற்றொன்று வெளிப்பக்கம் பார்த்துக் காவல் நின்றால், ஐயமே வேண்டாம். சில நாட்களில் அந்த இடத்தில் கடுகைவிடச் சிறிய, தேன் நிற முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருப்பதையும், இரண்டும் மார்புத் துடுப்பால் அவற்றுக்கு விசிறிக்கொண்டே இருப்பதையும் காண்பீர்கள். அந்த நிலையில் தாங்கள் கண்ணாடி துடைக்கக் கையைவிட்டால் கையையே வந்து இடிக்கும். இப்படிக் குடும்பம் நடத்துகிற ஜோடியின் தொட்டியில் இன்னொரு ஏஞ்சலை, அதுவும் கால் பங்கு உருவமுள்ள குஞ்சை விட்டது, பேரனின் ஆசைக்காக அறியாமல் நேர்ந்த பிழை. இனி அந்தத் தொட்டிக்கு ஏஞ்சல் வேண்டாம். எந்த உபாயம் செய்தாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டைகர் பார்ப் கூட்டமீன். குறைந்தது ஆறு, முடிந்தால் எட்டுப் பத்து இருந்தால்தான் அவற்றின் துரத்தலும் கடியும் தங்களுக்குள்ளேயே சுழன்று தீர்ந்துபோகும். எண்ணிக்கை நான்காகக் குறையும்போது அந்தத் துடுக்குத்தனம் பக்கத்திலுள்ள நீண்ட துடுப்புகளின் மேல் திரும்புகிறது. புதிய ஏஞ்சல்களின் துடுப்பைக் கிழித்ததில் ஜோடிக்குப் பாதிப் பங்கும் பார்புகளுக்குப் பாதிப் பங்கும் இருந்திருக்கலாம். வெளிப்படையாகச் சொன்னால், ஏஞ்சலையும் டைகர் பார்பையும் ஒரே தொட்டியில் சேர்க்கத் தொடக்கத்திலேயே நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் தங்கள் வீட்டில் இருப்பவை மூன்று ஆண்டுகள் ஒத்துப்போய்விட்டன, அதைக் கலைப்பானேன்?

ரெட் டெயில் ஷார்க் பெயரில்தான் சுறா. உண்மையில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்து நாட்டு ஆறுகளில் அது அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது, கடைகளில் விற்பவை பண்ணையில் பெருக்கியவை. ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். இன்னொரு ஷார்க்கையோ, கருத்த உடலும் சிவந்த துடுப்பும் கொண்ட வேறு அடிமட்ட மீனையோ விட்டால் இப்போது அமைதியாக இருக்கும் மீனின் வேறு முகத்தைப் பார்க்க நேரும்.

ஆக, தங்கள் தொட்டிக்குப் பொருத்தமான புது வரவு என்று நான் சொல்வது இன்னும் ஆறு டைகர் பார்புகளை மட்டுமே. நான்கும் ஆறும் பத்தாகும், கூட்டம் நிறைவடையும். தொட்டியின் கொள்ளளவு ஒன்பது கனஅடி, அதாவது ஏறத்தாழ 255 லிட்டர். மணலும் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 210 லிட்டர் நீர் நிற்கும். நல்ல ஃபில்டர் இருந்தால் பத்து பார்புகளை அது தாங்கும். பேரனுக்குக் கௌராமிதான் வேண்டும் என்றால் முதலில் பார்புகளுக்கு வேறு வீடு பாருங்கள், ஏனென்றால் கௌராமியின் மீசைபோன்ற நீண்ட இழைகள் அவற்றுக்குத் தின்பண்டம். அப்போதும் கௌராமிகளை ஏஞ்சல் ஜோடி முட்டை காக்காத வேளை பார்த்துத்தான் விட வேண்டும்.

புதிய மீன்களை வாங்கிய அன்றே பெரிய தொட்டியில் விடக் கூடாது. நாற்பது ஐம்பது லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியோ இரண்டடிக் கண்ணாடித் தொட்டியோ ஒன்றைத் தனியாக வைத்து, மூன்று வாரம் அதில் வளர்க்க வேண்டும். இதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்றே வாங்கிப் பெரிய தொட்டிக்குள் ஓடவிட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அதை எடுத்துத் தனித் தொட்டியில் வைக்கும்போது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் குடியேறியிருக்கும், அம்மோனியா தொல்லை வராது. மூன்று வாரம் எதற்கு என்றால், வெண்புள்ளி நோய்க் கிருமி நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் தன் வாழ்க்கைச் சுற்றை முடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் வந்திருந்தாலும் மூன்று வாரத்தில் வெளிப்பட்டுவிடும். சண்டையைப் பொறுத்தவரை இதில் இன்னொரு பயன் உண்டு. அந்த நாட்களில் புதியவை தின்று, தேறி, நிறம் பெற்று, தங்களுக்குள் கூட்டமாகிவிடுகின்றன. பழைய பார்புகளின் உருவத்தை அவை நெருங்கும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது. சோர்ந்த மீன் அடியை வரவழைக்கும். ஆறு மீன்கள் ஒன்றாக நீந்திவரும்போது எதைத் துரத்துவது என்று பழையவற்றுக்கே குழப்பமாகிவிடும். ஒன்றிரண்டாக விடுவதைவிட மொத்தமாக விடுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய தொட்டிக்குள் விடுவதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன் வீட்டை மாற்றிக் கட்ட வேண்டும். இந்த ஆலோசனை முழுவதிலும் எதையாவது ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கற்களையும் மரக்கட்டையையும் செடிகளையும் வெளியே எடுத்து, முன்பு இருந்த இடம் எதுவும் பழைய இடமாகத் தெரியாதபடி இடம் மாற்றி வையுங்கள். ஃபில்டர் குழாயை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றுங்கள். ஏஞ்சல்கள் முட்டை காத்துக்கொண்டிருந்தால் மட்டும் அது முடியும்வரை பொறுத்திருங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட வேண்டாம், சரளையை முழுவதும் கிளறவும் வேண்டாம். நுண்ணுயிர்கள் அங்கேதான் இருக்கின்றன. மாற்றி அமைத்த அன்று மாலை தங்கள் பழைய மீன்கள் திகைத்துத் தொட்டியைச் சுற்றிவருவதைப் பார்ப்பீர்கள். பட்டா ரத்தாகிவிட்டது, இனி எல்லாரும் புதுக் குடித்தனக்காரர்கள்.

அமைப்பில் கவனிக்க வேண்டியது மறைப்பு. தொட்டியின் குறுகிய பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை வைத்து நீளவாக்கில் பாருங்கள். மறுமுனைக் கண்ணாடி தெரிந்தால் மறைப்பு போதாது. நெட்டுக்குத்தாக நிற்கும் பலகைக்கல் ஒன்று, கிளைவிட்ட மரக்கட்டை ஒன்று, அடர்த்தியாக வளரும் வாலிஸ்நேரியா போன்ற நாடாச் செடிகளின் ஒரு புதர் என்று நீளத்தில் இரண்டு மூன்று இடங்களில் பார்வை முறிய வேண்டும். பக்கத்துக் காருக்குறிச்சியில் மண்சட்டிக்குப் பஞ்சமில்லை. வண்ணம் பூசாத சிறு சட்டிகள் நான்கை வாங்கி, ஓரத்தில் மீன் நுழையும் அளவுக்கு உடைத்து, கூர்மையை அரத்தால் தேய்த்து, இரண்டு நாள் நீரில் ஊறவைத்துக் கவிழ்த்துவிடுங்கள். ஷார்க்குக்கு ஒரு சட்டி, தப்பி ஓடுகிறவர்களுக்கு மூன்று. ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் இருப்பது நல்லது. ஒரே வாசல் என்றால் விரட்டியவன் வாசலில் நின்றுகொள்வான், உள்ளே போனவனுக்கு அது சிறை.

மாற்றம் முடிந்ததும் புதிய மீன்களைத் துளையுள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். காய்கறி கழுவும் கூடையே போதும், துளை மீனின் தலை நுழையாத அளவில் இருக்க வேண்டும், உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மூன்று நாட்கள் பழையவை வந்து முட்டும், செவுளை விரிக்கும், உடலைப் பக்கவாட்டில் காட்டி மிரட்டும். அடி விழாது. மிரட்டலுக்குப் பயன் இல்லை என்று தெரிந்ததும் வேகம் குறைந்துவிடும். கூடைக்கருகில் பழையவற்றுக்கும் கூடைக்குள் புதியவற்றுக்கும் ஒரே வேளையில் தீவனம் போடுங்கள்.

திறந்துவிடும் நாளில் பகல் முழுவதும் வழக்கம்போல் தீவனம் கொடுத்து, மாலையில் கால் பங்கு நீரை மாற்றி, தொட்டி விளக்கையும் கூடத்து விளக்கையும் அணைத்த பிறகு கூடையைச் சாய்த்து மீன்கள் தாமாக வெளியேறும்படி விடுங்கள். இருட்டில் எல்லா மீன்களும் அடங்கியிருக்கும். விடியும்போது புதியவற்றுக்கு ஒளிவதற்கு இடம் தெரிந்திருக்கும். மறுநாள் காலையிலும் விளக்கைச் சற்றுத் தாமதமாகப் போடுங்கள்.

அதன்பின் துரத்தலே இருக்காது என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மீன் இன்னொன்றை ஓர் அடி தூரம் துரத்திவிட்டுத் திரும்பிப்போனால் அது வரிசை நிர்ணயம், விட்டுவிடலாம். துரத்தியவன் திரும்பாமல் ஒரே மீனை மூலைக்கு மூலை தொடர்ந்தாலோ, அந்த மீன் இரண்டு வேளை தீவனத்துக்கு வெளியே வராவிட்டாலோ, துடுப்பில் புதிய கிழிசல் தெரிந்தாலோ உடனே தலையிட வேண்டும். அப்போது யாரை வெளியே எடுப்பது என்பதில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தத் தொட்டியில் ஒரு முரட்டு ஆணிடம் அடிபட்ட மீனை இரக்கப்பட்டு வெளியே எடுத்தேன், மறுநாள் அடுத்த மீனுக்கு அடி விழுந்தது, அதையும் எடுத்தேன், மூன்றாவதும் கிழிந்து வந்த பிறகுதான் எடுக்க வேண்டியவன் வேறு என்று உறைத்தது. அடிக்கிறவனைத்தான் வெளியேற்ற வேண்டும். அவனை ஐந்தாறு நாட்கள் தனித் தொட்டியில் வைத்துவிட்டு, பெரிய தொட்டியில் கற்களைச் சற்று மாற்றி வைத்துத் திரும்ப விட்டால், அப்போது வந்தேறி அவன், மற்றவை வீட்டுக்காரர்கள். பெரும்பாலும் அடங்கிவிடுவான். இரண்டாம் முறையும் அடங்காதவனுக்கு நிரந்தரமாக வேறு வீடுதான்.

காலமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் நம் பகுதியில் பகல் வெயில் 37, 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம், தொட்டி நீரும் 30 டிகிரியைத் தாண்டிவிடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே சூட்டில் மீனின் உடல் இயக்கமும் வேகமாகிறது, துரத்தலும் கூடுகிறது. அடிபட்ட மீன் மூச்சுக்கும் திணறினால் எப்படிப் பிழைக்கும்? மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தனித் தொட்டியில் வளர்க்கும் வேலையை இப்போதே தொடங்கி, ஆனி, ஆடியில் சாரல் காற்று வந்து நீர் குளிர்ந்ததும் பெரிய தொட்டியில் விட்டால் கணக்கு சரியாக இருக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கடையில் ஒன்றும் வீட்டில் மற்றொன்றும் இருந்தால், பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்வது மட்டும் போதாது. இருபது நிமிடம் மிதந்தபின் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம் நான்கைந்து முறை வீட்டு நீரை ஊற்றி, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. குழாய் நீரில் குளோரின் வாடை வந்தால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கல்லுப்பு சில நோய்களுக்கும் காயத்துக்கும் அளவோடு பயன்படும். சண்டையை அது நிறுத்தாது, செடிகளையும் கெடுக்கும். மஞ்சள் நம் காயத்துக்கு இருக்கட்டும், தொட்டி நீரைக் கலக்கி ஃபில்டரை அடைப்பதைத் தவிர அதனால் அங்கே ஆவது ஒன்றுமில்லை.

வாளியில் இருக்கும் சிறிய ஏஞ்சலைப் பற்றித் தாங்கள் தனியாகக் கேட்கவில்லை, என்றாலும் இந்தக் கடிதம் வரும்போது அது உயிரோடு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இருபது லிட்டர் வாளிக்கு ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) ஒன்றைப் போட்டு, மேலே வலை கட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரைப் பெரிய தொட்டியிலிருந்தே எடுத்து மாற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீவனம், காலையும் மாலையும். கிழிந்த துடுப்பு வளரத் தொடங்கும்போது புதிய சவ்வு நிறமில்லாமல் கண்ணாடிபோல் இருக்கும். அதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றிவிட வேண்டாம். அதில் நிறம் ஏறியபின், பேரனுக்கு அந்த மீனை விட மனமில்லை என்றால் இரண்டடித் தொட்டியில் தனியே வளரட்டும். வளர வளர அதற்கு அந்த இரண்டடி போதாமல் போகும். அப்போது ஜோடியில்லாத ஏஞ்சல் வளர்க்கிற ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிடலாம்.